காசு வந்த வழியே கட்டட வரலாறு: ஜார்ஜ் கோட்டை புனித மேரி ஆலயம் பற்றிய ஓர் ஆவண ஆய்வு

சென்னையில் தலைமைச் செயலகம் இயங்கும் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் நிற்கும் புனித மேரி ஆலயத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஓர் ஆண்டைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். 1680-இல் கட்டப்பட்டது, இந்தியாவில் ஆங்கிலேயர் எழுப்பிய தேவாலயங்களில் இன்றும் நிற்பவற்றுள் மிகப் பழையது என்பதே அந்தச் செய்தி. ஆனால் இன்று நாம் பார்க்கும் ஆலயத்தின் எல்லாப் பகுதிகளும் 1680-ஐச் சேர்ந்தவை அல்ல. மணிக்கூண்டு அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. அதன் உச்சியில் உள்ள கூர்முடி அதற்கும் ஏறத்தாழ நூறாண்டுகள் பிந்தியது. முற்றத்தில் பாவியிருக்கும் கல்லறைக் கற்களில் பழையவை ஆலயத்துக்கே மூத்தவை, அவை முதலில் இருந்த இடமும் இது அன்று. ஒரு சபையின் ஆலயம் எப்படி வளர்ந்தது என்பதை ஆவணங்களைக் கொண்டு தடம்பிடிப்பது எப்படி என்று விளக்க இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு நம் ஊரில் கிடைப்பது அரிது. கட்டடமும் நிற்கிறது, அதைப் பற்றிய ஏடுகளும் பெரும்பகுதி பிழைத்திருக்கின்றன.

இந்த ஆய்வு நெடுகிலும் நான் பற்றிக்கொள்ளும் விதி ஒன்றே. ஒரு கட்டட வேலைக்குக் காசு எந்தப் பெட்டியிலிருந்து வந்ததோ, அந்தப் பெட்டிக்குரியவரின் ஏட்டில்தான் அந்த வேலையின் வரலாறு பதிந்திருக்கும். கிழக்கிந்தியக் கம்பெனியின் காசு செலவானால், ஆளுநரும் அவருடைய ஆலோசனைச் சபையும் கூடி எடுத்த முடிவுகளைப் பதிந்த கம்பெனியின் ஆலோசனைக் குறிப்புகளில் அது விரிவாக வரும். சபையார் காசு செலவானால் சபைக் குழுவின் கணக்கில் வரும். தனி மனிதர் கொடுத்தது என்றால் பொருளின் மேல் பொறித்த எழுத்திலோ கல்வெட்டிலோ மட்டும் மிஞ்சலாம். இந்த எளிய கேள்வியை முதலில் கேட்காமல் ஏடுகளைப் புரட்டத் தொடங்குகிறவர், இல்லாத இடத்தில் தேடிக் களைத்துப்போய், ஆவணமே இல்லை என்ற தவறான முடிவுக்கு வந்துவிடக்கூடும்.

கட்டடத்தை முதலில் படித்தல்

ஆவணக் காப்பகத்துக்குப் போகுமுன் கட்டடத்தை நின்று பார்க்க வேண்டும். கேட்க வேண்டிய கேள்விகள் அங்கேதான் இருக்கின்றன. புனித மேரி ஆலயத்தின் மூலக் கட்டடம் ஏறத்தாழ 86 அடி நீளமும் 56 அடி அகலமும் கொண்டது. நடுக்கூடமும் இரு பக்கக்கூடங்களுமாக மூன்று நெடுங்கூடங்கள். மூன்றுக்கும் தனித்தனியே வண்டிக்கூட்டைப் போன்ற வளைவுக் கூரை. வெளிச்சுவர்கள் 4 அடி கனம், கூரையின் வளைவு 2 அடி கனம். கூரையைத் தாங்க மர உத்திரமோ சட்டமோ கிடையாது, எல்லாம் செங்கல்லும் சுண்ணாம்பும். மேற்குப் புறத்தில் செதுக்கு வேலைப்பாடுள்ள தேக்குத் தூண்களின் மேல் ஒரு மேல்மாடம் இருக்கிறது. ஞானஸ்நானத் தொட்டி பல்லாவரத்துக் கருங்கல்லால் ஆனது, ஆலயம் திறந்த காலத்திலிருந்து புழக்கத்தில் இருப்பது.

இந்தப் பார்வையிலேயே கேள்விகள் எழுகின்றன. அதே காலத்தில் இங்கிலாந்தில் ஒரு சபை ஆலயம் கட்டியிருந்தால் மரச் சட்டகத்தின் மேல் சரிவுக் கூரை போட்டிருப்பார்கள். இங்கே மரமே இல்லாத கனத்த வளைவு எதற்கு? மூன்று வளைவுகள் ஒன்றையொன்று பக்கவாட்டில் தாங்கிக்கொள்கின்றன, கடைசி உதைப்பு முழுவதையும், அதாவது வளைவு வெளிப்புறமாகத் தள்ளும் விசையை, வெளிச்சுவர்கள் ஏற்கின்றன. சுவர் 4 அடி கனமாக இருப்பதன் காரணம் இதுதான். இப்படிக் கணக்குப் பார்த்துக் கட்டத் தெரிந்தவர் யார்? மேற்கே நிற்கும் கோபுரம் இந்த அமைப்போடு ஒட்டாமல் தனித்து நிற்பது ஏன்? இக்கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு ஏடுகளைத் திறந்தால், எந்த ஆண்டின் தொகுதியை எடுப்பது என்பது ஓரளவுக்குத் தெளிவாகிவிடும்.

1678 முதல் 1680 வரை: கம்பெனி ஏட்டின் மௌனம்

1639-இல் இப்பகுதியை ஆண்ட தாமர்ல நாயக்கரிடமிருந்து நிலம் பெற்று, 1640-இல் கோட்டை வேலையைத் தொடங்கிய கம்பெனியார், அடுத்த நாற்பது ஆண்டுகள் வரை தங்களுக்கென ஓர் ஆலயம் கட்டிக்கொள்ளவில்லை. கோட்டை மாளிகையின் ஓர் அறையில் வழிபாடு நடந்துவந்தது. ஐரோப்பியர் வாழ்ந்த வெள்ளை நகரத்துக்குள் கத்தோலிக்கர்களுக்கு மட்டும் கப்புச்சின் துறவி எஃப்ரேம் தெ நெவேரின் காலத்திலிருந்து புனித அந்திரேயா பெயரில் ஓர் ஆலயம் இருந்தது. 1678 ஜனவரியில் ஆளுநர் பொறுப்பை ஏற்ற ஸ்ட்ரேன்ஷம் மாஸ்டர், லண்டனின் அனுமதிக்குக் காத்திராமல், கோட்டையில் வாழ்ந்த ஆங்கிலேயரிடம் நன்கொடைப் பட்டியல் ஒன்றைத் திறந்தார். 805 வராகன் (அக்காலப் பொற்காசு) சேர்ந்தது. 1678 மார்ச் 25 அன்று, மரியாளுக்கு மங்களவார்த்தை சொன்ன திருநாளில், வேலை தொடங்கியது. அந்த நாளின் பெயரே ஆலயத்துக்கும் ஆயிற்று. 1680 அக்டோபர் 28 அன்று, லண்டன் ஆயர் அளித்த அதிகார ஆணையின்படி, கோட்டைக் குருவானவர் ரிச்சர்ட் போர்ட்மன் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தார்.

இந்த நாள்களில் ஒரு நுட்பம் உண்டு, அதைக் கவனிக்காதவர் தவறான தொகுதியைத் திறப்பார். 1752 வரை ஆங்கிலேயருக்குப் புத்தாண்டு பிறந்தது மார்ச் 25 அன்றுதான். ஆகவே மாஸ்டர் பொறுப்பேற்ற ஜனவரி மாதம் நம் கணக்கில் 1678 என்றாலும், அன்றைய ஏட்டில் அது 1677 என்றே எழுதப்பட்டிருக்கும். வேலை தொடங்கிய நாள் அவர்கள் கணக்கில் 1678-இன் முதல் நாள். ஆலயம் கட்டுவது பற்றி அதற்கு முந்தைய வாரங்களில் நடந்த பேச்சைத் தேடுகிறவர் 1677 என்ற தலைப்பின் கீழ் தேட வேண்டும். கட்டட வரலாற்று நூல்களில் ஓராண்டு முன்பின்னாக வரும் முரண்பாடுகளில் பல இந்த ஒரு காரணத்தால் வந்தவையே. மூல ஏட்டில் ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரை வரும் எந்தத் தேதிக்கும் 1677/78 என்பதுபோல இரண்டு ஆண்டுகளையும் சேர்த்தே குறித்துக்கொள்வது நல்லது.

கோட்டையின் நாட்குறிப்பும் ஆலோசனைக் குறிப்புகளும் 1672 முதல் தொடர்ச்சியாகக் கிடைக்கின்றன. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இவற்றின் மூலங்கள் உள்ளன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை அரசு அவற்றை அச்சிட்டும் வெளியிட்டது. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் ஜி/19 என்ற வரிசையில் கோட்டையின் ஏடுகளுக்கு அங்கு அனுப்பப்பட்ட படிகள் இருக்கின்றன. கிடங்குகளில் என்ன துணி இருப்பு, எந்தக் கப்பல் எப்போது நங்கூரமிட்டது, எந்த எழுத்தர் யாரோடு சண்டையிட்டார் என்பதை எல்லாம் அக்கறையோடு பதிந்துவைத்த இந்த ஏடுகள், கோட்டைக்குள் கண்முன் எழுந்துகொண்டிருந்த ஓர் ஆலயத்தைப் பற்றி வியக்கத்தக்க அளவு குறைவாகவே பேசுகின்றன. காரணம், காசு கம்பெனியுடையது அன்று. செங்கல் வாங்கியதற்கும் சுண்ணாம்பு வாங்கியதற்கும் கணக்கு எழுத வேண்டிய கடமை ஆலோசனைச் சபைக்கு இல்லை. லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்களின் அனுமதி இல்லாமல் தொடங்கிய வேலையை, இயக்குநர்கள் படிக்கப்போகும் ஏட்டில் விரிவாக எழுதவும் மாஸ்டருக்குக் காரணம் இருந்திருக்காது என்பது என் கணிப்பு. நன்கொடைப் பட்டியல் என்ற ஒற்றைத் தாளே இங்கு முதன்மை ஆவணம். அதில் யார் பெயர் இருக்கிறது, யார் எவ்வளவு கொடுத்தார் என்பதிலிருந்து அன்றைய வெள்ளை நகரத்தின் படிநிலையையே படித்துவிடலாம்.

கட்டட வடிவமைப்பாளர் யார் என்ற கேள்வியும் இந்த மௌனத்தில்தான் சிக்கியிருக்கிறது. கம்பெனி சம்பளம் கொடுத்து ஒருவரை அமர்த்தியிருந்தால் அவர் பெயர் சம்பளப் பட்டியலில் வந்திருக்கும். இங்கே அப்படி எவரும் அமர்த்தப்படவில்லை. பின்வந்த எழுத்தாளர்கள் இரண்டு பெயர்களைச் சொல்கிறார்கள்: எட்வர்ட் ஃபவுல், வில்லியம் டிக்சன். இருவருமே பீரங்கிப் பிரிவைச் சேர்ந்தவர்கள். இப்பெயர்களில் எது சரி என்று வாதிடுவதைவிட, இரண்டு பெயர்களும் ஏன் பீரங்கிப் பிரிவிலிருந்து வருகின்றன என்று கேட்பதே பயன் தரும். அன்றைய கோட்டையில் பொறியாளர் என்ற பதவி கிடையாது. சுவரின் கனம், வளைவின் உதைப்பு, குண்டு விழுந்தால் தாங்கும் கூரை ஆகியவற்றைத் தொழில் அறிவாக வைத்திருந்தவர்கள் பீரங்கிப் பிரிவினரே. வெடிமருந்துக் கிடங்கு கட்டுகிறவர் எப்படிக் கட்டுவாரோ அப்படியே இந்த ஆலயம் கட்டப்பட்டிருக்கிறது. ஆள் பெயரைக் கட்டடம் சொல்லாது. எந்தத் தொழில் மரபிலிருந்து வந்தவர் அதை எழுப்பினார் என்பதைத் தெளிவாகச் சொல்லும்.

கூரையின் காரணத்தைத் தேடி

ஆலயத்தைப் பற்றிக் கம்பெனி ஏடு பேசாவிட்டாலும், ஆலயம் ஏன் இப்படிக் கட்டப்பட்டது என்பதற்கான விடையை அதே ஏடுதான் தருகிறது. 1672-இல் தெ லா ஹே தலைமையில் பிரெஞ்சுக்காரர் மயிலாப்பூருக்குப் பக்கத்துச் சாந்தோமைப் பிடித்துக்கொண்டார்கள். கோல்கொண்டாப் படையும் டச்சுக்காரரும் சேர்ந்து முற்றுகையிட்டு 1674-இல்தான் அவர்களை வெளியேற்ற முடிந்தது. கோட்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இரண்டாண்டுகள் பீரங்கி முழங்கியது. பிறகு 1677 மே மாதத்தில் சிவாஜி தம் தென்னகப் படையெடுப்பில் சென்னைக்கு அருகே வந்தார். கோட்டைக்கு ஆள் அனுப்பி மருந்துப் பொருள்களையும் விஷமுறிவுக் கற்களையும் கேட்டார். அப்போதைய ஆளுநர் லாங்ஹார்ன் அவற்றைக் கொடுத்தனுப்பிய செய்தி ஆலோசனைக் குறிப்புகளில் இருக்கிறது. ஆலயத்துக்கு அடிக்கல் நட்டது அதற்குப் பத்து மாதங்களுக்குப் பின். இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் அடிக்கல்லையும் ஒரே தொகுதியில், பக்கங்களைத் தொடர்ந்து புரட்டிப் படிக்கிறவருக்குக் கூரையின் 2 அடி கனம் புதிராகத் தோன்றாது. கரையானுக்கும் புயலுக்கும் தீக்கும் அஞ்சி மரத்தைத் தவிர்த்தார்கள் என்றும் சொல்லப்படுகிறது. அவையும் காரணங்களாக இருந்திருக்கலாம். ஆனால் கரையானுக்காக மட்டும் யாரும் 2 அடி கனத்துக்கு வளைவு கட்டுவதில்லை.

தேவாலயம் என்ற சொல்லைத் தேடு சொல்லாக வைத்துக்கொண்டு அட்டவணையை மட்டும் பார்க்கிறவருக்கு இந்தப் பக்கங்கள் கிடைக்கவே கிடைக்காது. கட்டட வரலாறு எழுதுகிறவர் கட்டுமானத்துக்கு முந்தைய சில ஆண்டுகளின் ஏட்டை, தொடர்பில்லாதது போலத் தோன்றினாலும், வரிசையாகப் படித்தாக வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

பதிவேடுகள் தரும் சாட்சி

ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவேடுகளைக் குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் மட்டுமே பார்க்கிறார்கள். கட்டடத்தின் பயன்பாட்டு வரலாறும் அவற்றில் இருக்கிறது. பிரதிஷ்டை நடந்த ஒரு வாரத்துக்குள், 1680 நவம்பர் 4 அன்று, பின்னாளில் சென்னை ஆளுநரான எலிஹு யேல் காதரின் ஹின்மர்ஸை இங்கே மணந்தார். ஆலயம் திறந்த நாளிலிருந்தே முழுப் புழக்கத்துக்கு வந்துவிட்டது என்பதற்கு இது நேரடிச் சான்று. 1689 ஆகஸ்டு 19 அன்று, பின்னாளில் கல்கத்தாவோடு பெயர் பிணைந்த ஜாப் சார்னாக்கின் மூன்று பெண் மக்கள் ஒரே நாளில் இங்கு ஞானஸ்நானம் பெற்றார்கள். அவர்கள் ஞானஸ்நானம் பெற்ற தொட்டி பல்லாவரத்துக் கல். கல்கத்தாவில் சார்னாக்கின் கல்லறை மேல் வைத்த கல்லும் அதே வகைதான். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிலவியல் அறிஞர் ஹாலந்து அந்தக் கல் வகைக்குச் சார்னாக்கின் பெயரையே வைத்தார். ஒரு பதிவேட்டு வரியும் ஒரு கல்லும் இப்படிச் சந்திக்கும் இடங்கள் அரிது, அதனால் இதைக் குறிப்பிடாமல் கடக்க மனம் வரவில்லை. 1753 பிப்ரவரி 18 அன்று ராபர்ட் கிளைவ் மார்கரெட் மாஸ்கலினை மணந்ததும் இதே பதிவேட்டுத் தொடரில் இருக்கிறது. அது 1752-இன் நாட்காட்டித் திருத்தத்துக்குப் பிந்தியது என்பதால், அந்த பிப்ரவரிக்கு இரட்டை ஆண்டு எழுத வேண்டியதில்லை.

பதிவேடுகளின் படிகள் 1698 முதல் லண்டனுக்குச் சென்றன. அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் என்/2 என்ற வரிசையில் உள்ளன. மூலமும் படியும் இருவேறு கைகளால் எழுதப்பட்டவை. ஒன்றில் சிதைந்த வரி மற்றொன்றில் முழுமையாக இருக்கலாம், ஒன்றில் விடுபட்ட குறிப்பு மற்றொன்றில் இருக்கலாம். யாரை எந்த இடத்தில் அடக்கம் செய்தார்கள் என்ற குறிப்பு கட்டட ஆய்வுக்கு மிக முக்கியமானது. தரை எப்போது பெயர்க்கப்பட்டது, எப்போது மீண்டும் பாவப்பட்டது என்பதை அதிலிருந்து ஊகிக்கலாம்.

மணிக்கூண்டும் படங்களும்

1680-இல் பிரதிஷ்டையான ஆலயத்துக்குக் கோபுரம் இல்லை. 1701-இல், தாமஸ் பிட் ஆளுநராக இருந்தபோது, மேற்குப் புறம் மணிக்கூண்டு எழுந்தது. அதன் மேல் கூர்முடி 1710-இல் வந்தது. மணிக்கூண்டு மூலக் கட்டடத்தோடு பின்னாமல் தனித்து நிற்பதன் காரணம் இந்த இருபதாண்டு இடைவெளி. வளைவுக் கூரையின் உதைப்பைத் தாங்கும்படி கணக்குப் பார்த்துக் கட்டிய சுவர்மேல் புதிய பாரத்தை ஏற்ற யாரும் துணியமாட்டார்கள். தனி அடித்தளம் போட்டு எழுப்பியது அறிவுள்ள செயல்.

பிட் காலத்தில் நகரை அளந்து வரைந்த வரைபடமும், அதற்குப் பின் வந்த ஓவியங்களும் இக்கட்டத்துக்குக் கூடுதல் சான்றுகள். ஆனால் படத்தைச் சான்றாகக் கொள்வதில் எச்சரிக்கை தேவை. லண்டனில் கம்பெனியின் தலைமையகத்துக்காக 1730-களின் தொடக்கத்தில் ஜார்ஜ் லாம்பர்ட்டும் சாமுவேல் ஸ்காட்டும் சேர்ந்து ஜார்ஜ் கோட்டையை வரைந்தார்கள். கோட்டை கடலிலிருந்து கம்பீரமாகத் தெரியும் அந்த ஓவியம் பல நூல்களில் அட்டைப் படமாகவே வந்திருக்கிறது. இருவரும் இந்தியாவுக்கு வந்தவர்கள் அல்லர். பிறர் கொண்டுபோன வரைபடங்களையும் குறிப்புகளையும் வைத்து வரைந்தார்கள். ஆகவே அந்த ஓவியம் எந்த ஆண்டில் வரையப்பட்டது என்பது ஒன்று, அதில் உள்ள கோட்டை எந்த ஆண்டின் கோட்டை என்பது வேறொன்று. 1754-இல் லண்டனில் வெளியான யான் வான் ரைனின் செதுக்குப் படத்தையும் இதே கவனத்தோடு அணுக வேண்டும். ஒரு படத்தில் கூர்முடி இருக்கிறது என்பதைக் கொண்டு அந்த ஆண்டில் கூர்முடி நின்றது என்று முடிவு செய்யக்கூடாது. 1746 முதல் 1749 வரை கோட்டை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்ததை நினைத்துப் பார்த்தால் இந்த எச்சரிக்கையின் அவசியம் புரியும்.

போர் ஆண்டுகள்: ஏடு இடம் மாறும்போது

1746 செப்டம்பரில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லா பூர்தொனே சென்னையைப் பிடித்தார். சரணடைந்த நாள் ஆங்கிலேயர் ஏட்டில் செப்டம்பர் 10, பிரெஞ்சுக்காரர் ஏட்டில் செப்டம்பர் 21. இரண்டும் ஒரே நாள்தான், நாட்காட்டிதான் வேறு. ஐரோப்பாவில் போரை முடித்துவைத்த எக்ஸ்-லா-ஷப்பெல் உடன்படிக்கையின்படி 1749-இல் நகரம் திரும்பக் கிடைத்தது. ஆனால் கம்பெனியின் தலைமை உடனே சென்னைக்குத் திரும்பவில்லை. 1746 முதல் 1752 வரை கடலூர் செயின்ட் டேவிட் கோட்டைதான் கிழக்குக் கரையின் தலைமையிடம். இந்த ஆறு ஆண்டுகளுக்கு ஜார்ஜ் கோட்டை என்ற தலைப்பில் தேடுகிறவர் வெற்றிடத்தையே காண்பார். செயின்ட் டேவிட் கோட்டையின் குறிப்புகளை எடுக்க வேண்டும். பிரெஞ்சு ஆட்சிக் காலத்துக்கு பிரெஞ்சுக் காலனி ஆவணங்களை நாட வேண்டும். அவற்றோடு தமிழிலேயே நமக்கு ஒரு பெரிய சாட்சி இருக்கிறார். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துப்ளேயின் துபாஷாக (மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகருமாக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில், சென்னை பிடிபட்ட செய்தியும் அதன்பின் நடந்த பேரங்களும் நாள்வாரியாகப் பதிந்திருக்கின்றன. அதிகாரிகளுக்கு அறிக்கை அனுப்பும் நோக்கமின்றித் தனக்காக எழுதியவர் என்பதால், கம்பெனி ஏடு மறைக்கும் இடங்களில் அவர் பேசுகிறார்.

ஆலய முற்றத்துக் கற்களின் கதை இந்தப் போர்களோடு பிணைந்தது. சென்னையில் ஆங்கிலேயரின் பழைய இடுகாடு கோட்டைக்கு வெளியே, இந்தியர் வாழ்ந்த பழைய கறுப்பர் நகரத்துக்கு மேற்கே, பின்னாளில் உயர்நீதிமன்றத்தை ஒட்டிச் சட்டக் கல்லூரி இயங்கிய இடத்தில் இருந்தது. அங்கே பெரிய பெரிய கல்லறைகளை, கூம்புகளும் வளைவு மண்டபங்களுமாக, எழுப்பியிருந்தார்கள். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டபோது பிரெஞ்சுப் படையினருக்கு அந்தக் கல்லறைகளே மறைவிடம் ஆயின. 1759 பிப்ரவரியில் முற்றுகை முறிந்த பிறகு, இனி ஒருபோதும் எதிரி அங்கே ஒளியக்கூடாது என்று கல்லறைகள் தரைமட்டமாக்கப்பட்டன. எழுத்துப் பொறித்த கற்கள் மட்டும் புனித மேரி ஆலய முற்றத்துக்கு வந்தன. அங்கும் அவை நிலையாக இருக்கவில்லை. ஹைதர் அலியோடு நடந்த போரில், 1782-இல், அவற்றைப் பெயர்த்தெடுத்துக் கோட்டை மதில்மேல் பீரங்கி மேடைகளுக்குப் பயன்படுத்தினார்கள். போர் முடிந்தபின் மீண்டும் முற்றத்துக்குக் கொண்டுவந்து பாவினார்கள்.

ஆகவே முற்றத்தில் இப்படி வந்த எந்தக் கல்லின் கீழும் அக்கல் குறிக்கும் மனிதர் இல்லை. 1652-ஆம் ஆண்டு இறந்த எலிசபெத் பேக்கரின் கல் அங்கே இருப்பதால், ஆலயம் எழுவதற்கு முன்பே அந்த நிலம் இடுகாடாக இருந்தது என்று யாராவது எழுதினால் அது பிழை. ஆங்கிலக் கற்களுக்கு நடுவே போர்த்துகீசிய மொழியிலும் ஆர்மீனிய மொழியிலும் கற்கள் கிடப்பதைக் கொண்டு, இந்த ஆலயத்தில் அச்சமூகத்தார் உறுப்பினராக இருந்தார்கள் என்று முடிவு கட்டுவதும் பிழையே. கற்கள் வந்து சேர்ந்த வழியை ஏடு சொல்லியிருக்காவிட்டால், கற்களைப் பார்த்தே ஒரு பொய்யான வரலாற்றை மிக நேர்மையாக எழுதியிருப்போம். 1905-இல் ஜே. ஜே. காட்டன் சென்னை மாகாணத்துக் கல்லறைக் கல்வெட்டுகளைத் தொகுத்து வெளியிட்ட பட்டியல் இங்கே பேருதவி. நடைபாதையாகத் தேய்ந்துகொண்டிருக்கும் கற்களில் இன்று படிக்க முடியாத எழுத்துகளை அன்று படித்து எழுதிவைத்திருக்கிறார்கள். இடுகாட்டு நிலத்திலேயே நிலைத்துவிட்டது ஹின்மர்ஸ் குடும்பக் கல்லறைக் கூம்பு. அதில் ஜோசப் ஹின்மர்ஸும், அவர் மனைவியைப் பின்னர் மணந்த எலிஹு யேலின் சிறு மகன் டேவிடும் அடங்கியிருக்கிறார்கள்.

முற்றுகை ஆலயத்தையும் தொட்டது, கூர்முடிக்குச் சேதம் நேர்ந்தது. இந்தக் கட்டத்தில் நம் விதி மீண்டும் பயன்படுகிறது. போர்ச் சேதத்தைச் செப்பனிடுவது சபையின் பொறுப்பா அரசின் பொறுப்பா என்ற கேள்விக்கேற்ப, பழுதுபார்த்த செய்தி சபைக் குழுவின் ஏட்டிலும் வரலாம், பொதுத் துறையின் நடவடிக்கைக் குறிப்புகளிலும் வரலாம். 1752 முதல் தனி வரிசையாக எழுதப்பட்ட இராணுவத் துறைக் குறிப்புகளிலும் வரலாம். மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். இன்று நாம் காணும் கூர்முடி 1795-ஐச் சேர்ந்தது. 1680-இன் ஆலயத்தைப் பார்க்கிறோம் என்று எண்ணி வானை நோக்குகிறவர் பார்ப்பது, உண்மையில் திப்பு சுல்தானோடு நடந்த போர்களின் காலத்துக் கட்டுமானத்தை.

உள்ளே வந்த நினைவுச் சின்னங்கள்

உட்சுவர்களை நிறைத்திருக்கும் நினைவுச் சின்னங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், அவற்றின் ஆவணத் தடம் நேரானது. தம் ஆலோசனைச் சபை உறுப்பினர்களாலேயே சிறைப்பிடிக்கப்பட்டு 1777 மே மாதம் காவலில் இறந்த ஆளுநர் பிகட் பிரபு உள்ளே அடங்கியிருக்கிறார். அவர் பெயரைக்கூட எழுதாமல் நினைவாக என்ற பொருள்படும் லத்தீன் தொடர் மட்டும் பொறித்த கல் அது. 1827 ஜூலையில் பத்திகொண்டாவில் வாந்திபேதியால் இறந்து கூத்தியில் அடக்கமான சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோவின் உடல் 1831-இல் இங்கே கொண்டுவரப்பட்டது. ஆக, அவரைப் பற்றிய அடக்கப் பதிவைத் தேடுகிறவர் இரண்டு ஆண்டுகளைப் பார்க்க வேண்டும். தஞ்சையில் 1798-இல் இறந்த மிஷனெரி ஷ்வார்ட்ஸுக்குக் கம்பெனி எழுப்பிய சிற்பம், லண்டனில் இளைய ஜான் பேக்கன் வடித்தது, 1807-ஐச் சேர்ந்தது. இது கம்பெனியின் காசு. எனவே தீர்மானம், கடிதம், கப்பல் சரக்குப் பட்டியல் என அதன் வழித்தடம் முழுதும் அரசு ஏடுகளில் அமைந்துவிடுகிறது. 1678-இன் மௌனத்தையும் 1807-இன் விரிவையும் ஒப்பிட்டுப் பார்க்கிறவர்க்கு நான் தொடக்கத்தில் சொன்ன விதி தெளிவாக விளங்கும்.

திருவிருந்து மேசைக்கு மேலுள்ள கடைசி இராவுணவு ஓவியம் இதற்கு நேர்மாறானது. 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்தபோது அங்கிருந்து கொண்டுவரப்பட்டது என்பது செவிவழி மரபு. ஓவியர் கையொப்பம் அதில் இல்லை. மரபு பொய் என்று தள்ளவும் வேண்டாம், மெய் என்று எழுதவும் வேண்டாம். அதைச் சோதிக்கும் வழி இருக்கிறது. போரில் கைப்பற்றிய பொருள்களுக்குப் பட்டியல் எழுதிப் பங்கிடுவது அன்றைய வழக்கம். புதுச்சேரி சரணடைந்தபின் எழுதிய பட்டியல்களையும், அங்கிருந்த ஆலயங்களின் பொருள் இருப்புக் குறிப்புகளையும் இந்த ஓவியத்தின் அளவோடும் பொருளோடும் ஒப்பிட வேண்டும். அந்த ஒப்பீடு கையில் கிடைக்கும் வரை வழிகாட்டிப் பலகைகளில் மரபு என்ற சொல்லையே எழுதுவது முறை.

கொத்தனார்களின் பெயர்கள்

இத்தனை ஏடுகளிலும் எனக்குப் பெரும் குறையாகப் படுவது ஒன்று. நன்கொடை கொடுத்த ஆங்கிலேயரின் பெயர் தெரிகிறது, பிரதிஷ்டை செய்தவர் பெயர் தெரிகிறது, முதல் மணமக்கள் பெயர் தெரிகிறது. செங்கல் அறுத்தவர், கடற்சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பு நீற்றியவர், சாரம் கட்டி அந்த மூன்று வளைவுகளையும் எழுப்பியவர், கூரைக்குச் சாந்து சுமந்த பெண்கள் ஆகியோரில் ஒருவர் பெயரும் அந்தப் பட்டியல்களில் இல்லை. பீரங்கிப் பிரிவினர் கணக்குச் சொல்லியிருக்கலாம், ஆனால் வளைவுக்குச் சாரம் இறக்கும் நாளில் எப்போது இறக்கலாம் என்று சொல்லியிருக்கக்கூடியவர் இந்த மண்ணின் கொத்தனார். முந்நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் புயலையும் குண்டையும் தாங்கி நிற்கும் சுண்ணாம்புக் கலவை அவர்கள் கைப்பக்குவம்.

அவர்களைத் தேட வேண்டிய இடம் ஆலயத்தின் ஏடு அன்று, கோட்டையின் ஏடு. 1670-களிலும் 1680-களிலும் கம்பெனியின் சொந்தக் காசில் மதில்களும் கிடங்குகளும் எழுந்தன. அவற்றுக்குக் கணக்கு எழுதும் கடமை ஆலோசனைச் சபைக்கு இருந்தது. அந்தக் கணக்குகளில் கொத்தர், தச்சர், கூலியாள் என்ற பிரிவுகளும், ஒப்பந்தம் எடுத்த உள்ளூர் மேஸ்திரிகளும், செங்கல்லின் விலையும், சுண்ணாம்பு வந்த வழியும் காணக் கிடைக்கும். ஒரே கோட்டைக்குள் ஒரே பத்தாண்டில் இரண்டு தனித்தனிக் கொத்தர் கூட்டங்கள் வேலை செய்திருக்க வாய்ப்புக் குறைவு. மதிலின் செங்கல் அளவையும் ஆலயச் சுவரின் செங்கல் அளவையும் அளந்து, சாந்தின் கலவையைச் சோதித்து, இரண்டும் ஒத்துவந்தால், மதில் கணக்கில் உள்ள மேஸ்திரிகளே ஆலயத்தையும் கட்டியவர்கள் என்று சொல்ல வலுவான ஆதாரம் கிடைக்கும். சுவரில் சாந்து பெயர்ந்து செங்கல் வெளித்தெரியும் பராமரிப்பு வேலையின்போது இந்த அளவுகளை எடுப்பது எளிது. கோட்டையிலும் ஆலயத்திலும் அடுத்த முறை பூச்சு வேலை நடக்கும்போது, பூசுவதற்கு முன் செங்கல்லின் நீளம், அகலம், உயரம், இணைப்புச் சாந்தின் கனம் ஆகியவற்றை ஒவ்வொரு சுவருக்கும் தனித்தனியே அளந்து, புகைப்படத்தோடு எழுதிவைக்க வேண்டும் என்பதே இப்போது செய்யக்கூடிய அடுத்த வேலை.